ஏழாம் சுற்றுக் கொசுறு

கணினியை ஏமாற்றிவிட்டு மார்தட்டிக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஏப்ரல் பிறந்தால் போதும், இணையத்தில் இவர்கள் தொல்லை தாங்காது. ஒரு பையன் எழுதுகிறான்: பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பந்து உதைக்கிற ஆட்டக்காரன் ஒருவனைக் கொடுத்து, அடுத்த வருடத்து முதல் சுற்று இடங்கள் இரண்டை வாங்கிவிட்டானாம். க்ளீவ்லாண்ட் அணியை அவன் கையில் கொடுத்தால் கோப்பை தானாக வந்துவிடுமாம். அடப்பாவி, உன் எதிரில் இருந்தது ஒரு தராசு. தராசை ஜெயித்ததற்கா இத்தனை ஆட்டம்?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராஃப்ட் என்பது கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பையன்களை முப்பத்திரண்டு அணிகளும் வரிசையில் நின்று பொறுக்கி எடுக்கிற மூன்று நாள் கூத்து. போன வருடம் மட்டமாக ஆடியவன் வரிசையில் முன்னால் நிற்பான். அதனால் எங்களைப் போன்ற க்ளீவ்லாண்ட் ரசிகர்களுக்கு வருடத்தில் தலைநிமிர்கிற நாள் அது ஒன்றுதான். ஏழு சுற்று நடக்கும். உன் இடத்தை எனக்குக் கொடு, பதிலுக்கு இதையும் இதையும் வைத்துக்கொள் என்று அணிகள் தங்களுக்குள் பேரம் பேசலாம். நிஜ டிராஃப்ட் வருவதற்குள் இதை நாமே ஆடிப் பார்க்க ஒரு விளையாட்டு இருக்கிறது. நாம் ஒரு அணியை எடுத்துக்கொண்டால் மீதி முப்பத்தொன்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ஆள் எடுப்பதில் அந்த இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். பேரத்தில்தான் அது வெறும் மண்ணாங்கட்டி. ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு விலை வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் தட்டு ஒரு குன்றிமணி கனம் கூடினால் போதும், பச்சை எழுத்தில் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று வந்துவிடும். நிஜத்தில் எதிர்முனையில் ஒரு ஆள் அல்லவா இருப்பான்? அவனுக்குத் தலைக்கு மேலே முதலாளி இருப்பான். போன தடவை நாம் அவனை ஏய்த்தது மனதில் இருக்கும். காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பான். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், உனக்குத் தர மாட்டேன் போ என்பான்.

இத்தனை வக்கணை பேசுகிற நானும் தினம் அதைத்தான் ஆடுகிறேன். என் பெயர் பெர்னடெட். ஈரி என்கிற ஏரிக்கரை ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை எனக்கு வேலை இல்லை. மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் வீட்டில் யார் இருக்கிறார்கள், போவதற்கு? கட்டியவன் ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறேன் என்று போனான், காய்ந்துகொண்டே இருக்கிறான். அதனால் பணிமனையில் வண்டியை நிறுத்தி, சூடேற்றியை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பின்னால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை எப்போதும் ஒன்று கிடக்கும்.

அந்த விளையாட்டில் ஒரு குமிழ் உண்டு. மற்ற அணிகள் நம்மைத் தேடி வந்து பேரம் பேச வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம், கொஞ்சம், நிறைய என்று மூன்று நிலை. கொஞ்சமாவது விவரம் தெரிந்தவன் அதை 'கொஞ்ச'த்தில்தான் வைப்பான், ஏனென்றால் நிஜத்தில் யாரும் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட மாட்டார்கள். நான் 'நிறைய'வில் வைத்திருந்தேன். ஃபோன் அதிரும், டென்வர் உங்களோடு பேச விரும்புகிறது என்று வரும். டென்வருக்கு என்னோடு என்ன பேச்சு? இருந்தாலும் அந்த வரியைப் படிக்கப் பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ஃபெலிக்ஸ். ஊரின் கிழக்குப் பக்கம் ரயில் எஞ்சின் செய்யும் ஆலையில் பிற்பகல் ஷிஃப்ட். நான் மேற்குப் பக்கம். நடுவில் கார் எடுத்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. எங்கள் ஊர் மூன்று பெரிய ஊர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்பதால் ஒரே வீட்டில் ஒருவர் க்ளீவ்லாண்ட், ஒருவர் பிட்ஸ்பர்க் என்று பிரிந்து நிற்பது சகஜம். நான் க்ளீவ்லாண்ட். அவன் பிட்ஸ்பர்க். இந்த இரண்டு அணிகளும் ஒரே பிரிவில் இருக்கின்றன; வருடத்துக்கு இரண்டு முறை முட்டிக்கொண்டே தீர வேண்டும். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிக் காய்ச்சலும் அப்படியே உண்டு.

சின்ன வயதிலிருந்தே ஏப்ரல் வந்தால் நாங்கள் இருவரும் டிராஃப்ட் ஆடுவோம். ஆளுக்குப் பாதி அணிகள். நிஜ மேலாளர்கள் முகம் பார்த்துப் பேரம் பேசுவதில்லை, ஃபோனில்தான் பேசுவார்கள் என்று அவன் எங்கோ படித்துவிட்டு வந்தான். அதனால் அவன் நிலவறைக்குப் போய்விடுவான், நான் சமையலறையில். அழுக்குத் துணியைப் போட்டால் நேரே கீழே துவைக்கும் இடத்தில் விழுகிற தகரக் குழாய் ஒன்று எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருந்தது. அதன் கதவைத் திறந்து தலையை நுழைத்துத்தான் பேரம். அணியின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். நான் எதைக் கேட்டாலும் கீழேயிருந்து முதலில் சத்தமே வராது. பிறகு 'இல்ல' என்று மேலே ஏறி வரும். அதற்கும் பிறகு, போனால் போகிறது என்ற குரலில், "ஏழாம் சுற்றுல ஒண்ணு கொசுறா போடு" என்பான். கொசுறு இல்லாமல் அவன் எதையும் விற்றதில்லை. ஏழாம் சுற்றில் கிடைக்கிற பையன் பெரும்பாலும் எதற்கும் உதவ மாட்டான், அது அவனுக்கும் தெரியும். வாங்கினேன் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் க்ளீவ்லாண்டுக்கு மட்டும் பிட்ஸ்பர்க்கின் இடத்தை அவன் விற்றதே இல்லை. எங்கள் டிராஃப்ட் முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறேன் என்றேன் ஒரு வருடம். "பங்காளிக்கு விக்கிறதில்ல, க்ளீவ்லாண்ட்" என்றான். அம்மா அழுக்குத் துணியோடு பின்னால் வந்து நின்று, வழியை விடு என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் ஏப்ரலில் அம்மா வீட்டில் கூடி அதே குழாய்தான்.

அம்மா இரண்டாம் முறை குளியலறையில் விழுந்தபோது, நான் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். ஃபெலிக்ஸைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான்? எதற்கும் முதலில் 'இல்ல' என்கிற பிறவி. அந்த 'இல்ல' கரைகிறவரை காத்திருக்க அம்மாவின் இடுப்பெலும்புக்கு நேரம் இல்லை. நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அம்மா அங்கே பனிக்காலத்தைத் தாண்டவில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் சாப்பாடு நடக்கும்போது என் மேசைக்கு வந்தான். உட்காரவில்லை.

"என்னக் கேக்காம கையெழுத்துப் போட்டல்ல," என்றான். "இனிமே எதையும் என்னக் கேக்காத."

அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும்தான் ரோஷம் இருக்கிறதா?

இந்த வருடம் அந்த விளையாட்டில் புதிதாக ஒரு அறை திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஆளுக்கொரு அணியில் உட்காரலாம், ஆள் வராத நாற்காலியில் இயந்திரம் உட்காரும். எது ஆள், எது இயந்திரம் என்று காட்ட மாட்டார்கள். பேச முடியாது, எழுத முடியாது, பேரம் மட்டும்தான். முதல் நாள் நான் போனபோது க்ளீவ்லாண்டில் வேறு யாரோ ஏறிவிட்டிருந்தார்கள். சனியன் என்று திட்டிக்கொண்டு சியாட்டிலை எடுத்தேன். முதல் சுற்றின் பின்பகுதியில் எனக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டியிருந்தது. மலை மாதிரி உடம்புள்ள பையன்களைத்தான் நான் எப்போதும் முதலில் எடுப்பேன், ஃபெலிக்ஸ் கேலி செய்வான். பிட்ஸ்பர்க்கின் இடத்துக்கு விலை கேட்டேன். தட்டு என் பக்கம் நன்றாகவே கனத்திருந்தது. பச்சை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பிறகு 'மறுக்கப்பட்டது' என்றது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிட்ஸ்பர்க்கிடமிருந்து திருப்பிக் கேள்வி வந்தது. நான் கொடுத்ததையெல்லாம் அப்படியே வைத்து, கூடவே ஏழாம் சுற்றில் ஒன்று.

கொசுறு. ஃபெலிக்ஸ்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது. கொடுத்தேன், ஒப்புக்கொண்டது.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன், அரிசோனாவாக. பிட்ஸ்பர்க்கைக் கேட்டேன். மௌனம், மறுப்பு, கொசுறு. அதற்கு மறுநாளும் அதே. காலை வேளையில் அவன் வீட்டில்தான் இருப்பான், ஷிஃப்ட் பிற்பகலுக்குத்தான். வாரம் முழுவதும் ஒவ்வொரு தூர தேசத்து அணியாக மாறி மாறி அவனிடம் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு மலையை எடுத்துக் காட்டினேன். என்னை அவன் அடையாளம் கண்டுகொண்டிருப்பான் என்று நினைத்தேன். கேட்காதே என்றவன் இப்படித்தான் கேட்க விடுகிறான் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நாட்களில் நான் பேருந்தில் பாட்டுப் பாடினேன். பின் இருக்கைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒடெல்தான் அதில் மண்ணைப் போட்டான். ஒடெல் என்னோடு வேலை செய்கிற ஓட்டுநர், என்னைவிட இருபது வயது சின்னவன், பஃபலோ அணிப் பைத்தியம். ஒரு நாள் பெப்பரோனி இறைச்சி அடைத்த ரொட்டி உருண்டைகள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினான். நான் முகமெல்லாம் பல்லாக இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரக்கா அந்த மாப்பிள்ளை என்றான். மனசு நிறைந்திருந்தால் வாய் நிற்குமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அந்தத் தளத்துக்காரர்கள் மாதத் தொடக்கத்தில் அந்தப் புது அறை இயந்திரத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்றான். பேரம் நிஜம் மாதிரி இல்லை என்று ஊரே திட்டியதால், இப்போது அது யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுமாம். முதலில் மறுக்குமாம். கடைசியில் சில்லறையாக ஒரு இடத்தைக் கூட்டிக் கேட்குமாம். அறிவிப்பைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"உங்க தம்பி இல்லக்கா அது. மிஷினு," என்றான். அவனுக்கே கஷ்டமாக இருந்தது, தெரிந்தது.

நான் விடவில்லை. அந்த அறிவிப்பில் பங்காளிக்கு விற்காது என்று போட்டிருக்கிறதா, தேடிச் சொல் என்றேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அப்ப ஒண்ணு செய்யறேன்," என்றேன். "க்ளீவ்லாண்ட எடுத்து பிட்ஸ்பர்க்க விலை கேக்கறேன். ஆத்தாடி அம்மாடின்னு அள்ளிக் கொடுக்கறேன். மிஷினுன்னா மொதல்ல முரண்டு பிடிச்சாலும் கடைசில வாங்கிக்கும். என் தம்பின்னா சாவான், விக்க மாட்டான்."

"இல்லன்னு வந்தா?"

"அப்பவே கெளம்பிப் போயி அவன் வீட்டுக் கதவத் தட்டுவேன்."

ஒடெல் கடைசி உருண்டையை என் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போனான். 'இல்ல' வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பேரம் பேசப் போகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிஜ டிராஃப்டுக்கு முந்தின நாள் காலை. ஏரிப் பக்கமிருந்து மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பொட்டலம் ரொட்டி உருண்டை வாங்கி வைத்திருந்தேன், ஃபெலிக்ஸுக்கு. காரம் போட்டது அவனுக்குப் பிடிக்கும். அறை திறந்ததும் பாய்ந்து க்ளீவ்லாண்டைப் பிடித்தேன். வரிசை தொடங்குவதற்கு முன்பே பிட்ஸ்பர்க்கின் முதல் சுற்று இடத்துக்கு விலை கேட்டேன். எங்கள் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அடுத்த வருடத்து முதல் சுற்று எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். நிஜத்தில் ஒரு மேலாளர் இதைச் செய்தால் ஊரே அவனைக் கல்லால் அடிக்கும். அனுப்பினேன்.

மௌனம். கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. இத்தனை கொடுத்தும் யோசிக்கிறதே, அவன்தான், அவனேதான் என்று சொல்லிக்கொண்டேன்.

'மறுக்கப்பட்டது' என்று வந்தது.

இயந்திரமும் முதலில் மறுக்கும் என்று ஒடெல் சொன்னது அந்த நொடியில் மறந்தே போயிற்று, நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். பொட்டலத்தைத் தடவிப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது. அப்போது ஃபோன் மறுபடி அதிர்ந்தது. பிட்ஸ்பர்க் உங்களோடு பேச விரும்புகிறது. நான் கொடுத்ததெல்லாம் அப்படியே, கூட ஏழாம் சுற்றில் ஒன்று.

பாருங்கள், கொசுறு அவனுடையதுதான். ஆனால் கொசுறு கேட்டால் விற்பதற்குத் தயார் என்று அர்த்தம். ஃபெலிக்ஸ் எனக்கு விற்க மாட்டான். தெரிந்துவிட்டது. இருந்தாலும், ஒருவேளை கடைசி நொடியில் மனம் மாறிப் பின்வாங்குவானோ என்று ஏழாம் சுற்றையும் சேர்த்து அழுத்தினேன். ஆசை யாரை விட்டது? பச்சை எழுத்து வந்தது. ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆட்டம் முடிந்ததும் என் மலைப் பையனைப் பாராட்டிச் சிறப்பு மதிப்பெண் வேறு போட்டது அந்த எழவெடுத்த இயந்திரம்.

அந்த நாற்காலியில் யாரும் இருந்ததில்லை. இத்தனை நாளும் காலி வண்டியில் உட்கார்ந்து காலி நாற்காலியிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இயந்திரத்தின் மேல், ஒடெல் மேல், ஃபெலிக்ஸ் மேல். பிறகு ஆத்திரமும் போய்விட்டது. சூடேற்றியின் இரைச்சல் மட்டும் கேட்டது. என்னைவிட்டால் அந்த வண்டியில் கையுறை ஒன்றுதான்.

இப்போது நினைத்தால் எனக்கே புரியவில்லை, எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று. ஃபெலிக்ஸின் எண்ணை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தான். ஹலோ சொல்லவில்லை. பின்னால் அவன் வீட்டு டிவியில் யாரோ நாளைய டிராஃப்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நலமா என்று கேட்கவில்லை. அம்மா என்று ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தால் வைத்துவிடுவான்.

"க்ளீவ்லாண்ட் பேசறேன்," என்றேன். "உங்க முதல் சுற்று இடம் வேணும். எங்க முதலு, ரெண்டாவது, அடுத்த வருஷத்து முதலு, எல்லாம் தர்றேன். ஏழாவதும் கொசுறா வெச்சுக்க."

டிவி சத்தம் குறைந்தது. அவன்தான் குறைத்திருக்க வேண்டும். வேறு சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. அவன் மூச்சு கேட்டது. வயதாகிவிட்ட மூச்சு.

"இல்ல," என்றான்.

தகரக் குழாய்க்குள்ளிருந்து ஏறி வருகிற அதே 'இல்ல'. 

"பங்காளிக்கு விக்கிறதில்ல, க்ளீவ்லாண்ட்," என்றான். "கொசுறும் வேணாம்."

வைத்துவிட்டான்.

அன்று நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் வா என்று சொல்லவில்லையே. அம்மாவுக்காக அவன் என்னை மன்னிக்கவும் இல்லை, அது எனக்குத் தெரியாதா? கொசுறும் வேண்டாம் என்றது சுடத்தான் செய்தது. ஆனாலும் என்னை அவன் க்ளீவ்லாண்ட் என்று கூப்பிட்டான். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ரொட்டி உருண்டைகளை நானே தின்றேன், காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

பள்ளி விடுகிற நேரம் ஆனது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அந்த விளையாட்டைத் திறந்து, குமிழை 'நிறைய'விலிருந்து நகர்த்தி 'வேண்டாம்' என்பதில் நிறுத்தினேன். டென்வர் இனி கூப்பிடாது, சியாட்டில் கூப்பிடாது. இனிமேல் என் ஃபோன் அதிர்ந்தால் அது ஆளாகத்தான் இருக்கும்.